கேக் பெட்டியில் ஒட்டிய எச்சரிக்கை

பிப்ரவரி 3

அன்புள்ள அத்தைக்கு,

வாலு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பேக்கரி அடுப்பும் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் உங்கள் முழங்கால்களும் சௌக்கியமா?

கடிதமா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டாம். என் போன் அப்பாவின் கல்லாப்பெட்டிக்குள் சிறையில் இருக்கிறது. குற்றம் ரொம்பச் சின்னது. பள்ளிக்கூட மணியோசையைப் பதிவு செய்து, கடைசிப் பாடவேளை பாதியில் இருக்கும்போது ஜன்னலோரம் வைத்து அலறவிட்டேன். கீழ்த்தளம் மொத்தமும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. கணக்கு டீச்சரும் போய்விட்டார். பிள்ளைகள் போனதை மன்னித்தார்கள், டீச்சர் போனதைத்தான் மன்னிக்கவில்லை. பரீட்சை முடியும்வரை போன் கிடையாது என்பது அப்பாவின் தீர்ப்பு.

அப்பாவின் போனில் பேசலாம்தான். ஆனால் அவர் பக்கத்திலேயே நின்று மாவு பிசைவார். "ம்", "ஆமா", "நல்லா இருக்கோம்" என்று மூன்றே சொல்லில் நான் குடும்பம் நடத்த வேண்டும். எனக்கு வாய் துருப்பிடித்துவிடும்.

ஒரு சந்தேகம். நீங்கள் மருந்துக் கம்பெனியில் எழுதும் எச்சரிக்கைத் தாள் ஒன்று, அப்பாவின் இடுப்புவலி மாத்திரை டப்பாவுக்குள் எட்டாக மடித்துக் கிடந்தது. விரித்தேன். மேஜை விரிப்பு அளவுக்கு வந்தது. தலைவலிக்கும் கேட்கும் மாத்திரையாம், அதன் பக்க விளைவு: தலைவலி! இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்களா? அந்த உற்சாகத்தில் கடையில் நானும் சில எச்சரிக்கைகள் ஒட்டியிருக்கிறேன். கிரீம் கேக்கில், "பக்க விளைவு: இடுப்பின் இரண்டு பக்கமும்." ரஸ்க் ஜாடியில், "பல்செட் உள்ளவர்கள் டீயின் மேற்பார்வையில் உட்கொள்ளவும்."

அப்பாவிடம் தாளைக் காட்டினேன். "எங்க அக்கா தண்ணி குடுத்தாலும் பக்க விளைவு சொல்லிட்டுத்தான் குடுப்பா" என்று சொல்லிவிட்டு, டீக்கு பிஸ்கட் போடுவதுபோல அந்த இளஞ்சிவப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

பதில் எழுதுங்கள். எழுதாவிட்டால் பக்க விளைவுகளுக்கு நான் பொறுப்பல்ல.

உங்கள் மருமகள் (திருப்பித் தர இயலாது),
வாலு


பிப்ரவரி 14

அன்புள்ள வாலுவுக்கு,

என் முழங்கால்கள் தங்கள் விசாரிப்புக்கு நன்றி சொல்லச் சொன்னன. இடதுகால் சொன்னது, வலதுகால் முனகியது. நீங்கள் இருவரும் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

நீ செய்த மணியடிப்பு தப்பு. அதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்தேன், அதுவும் தப்பு. மேலதிகாரி எட்டிப் பார்த்தார்.

சம்பளம் தருகிறார்கள், குட்டி. ஒரு மாத்திரை கடைக்குப் போன பிறகுதான் அதன் முழுக் குணமும் தெரியவரும். யாருக்காவது ஏதாவது ஆனால் டாக்டர்கள் எழுதி அனுப்புவார்கள். பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, என்ன வேலை, என்ன நடந்தது, அவ்வளவுதான். ஒரே மாதிரி பல வந்தால், எச்சரிக்கையில் ஒரு வரியை நாங்கள் மாற்றுவோம். இப்போது நான் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதும் அப்படி ஒரு வரியோடுதான். உன் அப்பன் பிஸ்கட் போலப் போடுகிறானே, அந்த இளஞ்சிவப்பு மாத்திரையின் வரி. தாளின் பின்பக்கத்து மூலையில் கிடப்பதை டப்பாவின் முகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறேன். முகத்தில் இடமில்லை, படம் இருக்கிறது என்கிறார்கள். ஓடும் மனிதன் படம். இடுப்புவலிக்காரன் எங்கே ஓடுகிறான்?

இரண்டு கேள்வி. சும்மாதான் கேட்கிறேன். தம்பி அதை நாளுக்கு எத்தனை போடுகிறான்? ரத்தக்கொதிப்பு மாத்திரையையும், அதோடு டாக்டர் தந்த நீர் பிரியும் மாத்திரையையும் இன்னும் சாப்பிடுகிறானா?

ரஸ்க் எச்சரிக்கை நன்றாக இருக்கிறது. "மேற்பார்வையில்" என்ற சொல்லைச் சரியான இடத்தில் போட்டிருக்கிறாய். எங்கள் ஆட்களுக்கு அது வருவதில்லை.

அன்புடன்,
அத்தை


மார்ச் 2

பேரன்புக்கும் பெரும் எச்சரிக்கைக்கும் உரிய அத்தைக்கு,

நலமா? நாங்கள் நலத்துக்கும் ஒரு படி மேலே. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது!

என் லேபிள்களைப் படிக்கவே ஆட்கள் வருகிறார்கள். படிக்க வந்தவர்கள் வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு ஒரு பன்னாவது வாங்குகிறார்கள். கடன் சொல்லும் தபால்காரர் நிற்கும் இடத்துக்கு நேரே, "கடன்: குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். பெரியவர்களுக்கும்." அவரே படித்துச் சிரித்துவிட்டுக் கடன் சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடியில், "இதில் தெரிவது அசலைவிடச் சுமார்." அதற்கு முன்னால் எல்லாரும் தலை வாருகிறார்கள். அப்பாவின் ஏப்ரன் முதுகில், "முதல் டீக்கு முன் பேச்சுக் கொடுக்கக் கூடாது." அது தெரியாமல் அவர் பாங்க் வரை போய்வந்துவிட்டார்.

உப்பு டப்பாவில் "சர்க்கரை. நிஜமாகவே" என்று ஒட்டினேன். அப்பா உப்பு டீ குடித்துவிட்டு என்னைத் துரத்தினார். பிடிக்க முடியவில்லை. மூச்சு வாங்கி, மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "வயசாயிடுச்சுடி" என்றார். "உங்களுக்கா, உப்புக்கா?" என்றேன். சிரித்தார் அத்தை. நன்றாகவே சிரித்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தானே. ஒருவர் சிரிக்க வேண்டுமென்றால் இன்னொருவர்தான் வேலை பார்க்க வேண்டும்.

உங்கள் கேள்விகளைக் கேட்டேன். "எண்ணிச் சாப்பிட இது என்ன லட்டா?" என்கிறார். கொதிப்பு மாத்திரை, நீர் மாத்திரை எல்லாம் ஒழுங்காகப் போகிறது. டாக்டர் தந்ததை மறக்கமாட்டார். கடையில் தானாக வாங்குவதை எண்ணமாட்டார்.

இன்னொரு செய்தி. உங்கள் தம்பி இந்த வயதிலும் வளர்கிறார். கால் மட்டும். பழைய ஷூ ஏறவில்லை, இப்போது ரப்பர் செருப்புதான். மாவு உப்பிவிட்டதா என்று பார்க்க அவர் விரலால் அழுத்துவாரே, பள்ளம் அப்படியே நின்றால் அடுப்புக்குத் தயார் என்பாரே, அதேபோல் அவர் கணுக்காலை அழுத்தினேன். பள்ளம் அப்படியே நின்றது! "அப்பா ரெடி, அடுப்பில் வைக்கலாம்" என்றேன். கடையே சிரித்தது.

இப்படிக்கு,
எட்டாத இடத்தில் வைக்க வேண்டிய,
வாலு


மார்ச் 6

வாலு,

உன் கடிதம் இன்று மதியம் கிடைத்தது. இன்றே எழுதுகிறேன்.

அந்தப் பள்ளம் வேடிக்கை இல்லை. இளஞ்சிவப்பு மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொல். மற்ற இரண்டையும் நீங்களாக நிறுத்தக் கூடாது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டுக்கொண்டு நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள்.

இப்போதுதான் போன் செய்தேன். அவனே எடுத்தான். "நல்லா இருக்கேன்க்கா, நின்னு வேலை பாக்கிறவன் கால் வீங்காம காதா வீங்கும்?" என்று சொல்லி வைத்துவிட்டான். போனில் அவனுக்கு எந்தக் காலத்திலும் நோய் வந்ததில்லை. உன்னிடம் கொடு என்றேன். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய்.

இத்துடன் புது எச்சரிக்கையை வைத்திருக்கிறேன். சிவப்பு ஓரம் போட்ட ஒட்டுத்தாள். அடுத்த வாரத்திலிருந்து கடைகளில் இருக்கும் டப்பாக்களில் இதை ஒட்டச் சொல்லி அனுப்புகிறோம். அவனிடம் காட்டு. அச்சடித்ததைப் பார்த்தாலாவது நம்புவான்.

காலையில் அவன் முகம் உப்பியிருக்கிறதா? பாத்ரூம் போவது குறைந்திருக்கிறதா? உடனே எழுது.

அத்தை


மார்ச் 15

அன்புள்ள அத்தைக்கு,

நலம்தானே? இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

உங்கள் சிவப்புத் தாளைக் காட்டினேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் சத்தமாகப் படித்தார். "ரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகளுடன் சேர்த்து உட்கொண்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். கால் வீக்கம், சிறுநீர் குறைதல் இருந்தால் உடனே மருத்துவரை அணுகவும்." படித்துவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணில் பெருமை.

"அடேயப்பா! எழுத்துகூட கம்பெனி எழுத்து மாதிரியே இருக்கே. எங்கடி அச்சடிச்ச?"

"அப்பா, இது நான் பண்ணதில்ல. அத்தை அனுப்பினது."

"கூட்டணி வேறயா!"

"நிஜமாப்பா."

"உப்பு டப்பாலயும் நிஜம்னுதான் ஒட்டியிருந்த."

அதோடு நிற்கவில்லை. என் லேபிள்களுக்கு நடுவில், கேக் பெட்டியின் முன்கண்ணாடியில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் அதை ஒட்டிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அக்காவும் பொண்ணும் சேர்ந்து என்னை ஓட்டுறாங்க" என்று காட்டுகிறார். தபால்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருப்பதிலேயே இதுதான் பிரமாதம் என்றார்.

மருந்துக் கடைக்குப் போய், இனிமேல் அப்பாவுக்கு இளஞ்சிவப்பு மாத்திரை கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். கடைக்கார அண்ணன் கவுண்டருக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தார். "கேமரா எங்க வெச்சிருக்க?" என்றார். இந்தத் தெருவில் என்னை நம்புகிற ஒரே ஜீவன் கணக்கு டீச்சர்தான். அவரும் மணியோடு போய்விட்டார்.

அப்புறம் நீங்கள் கேட்டது. முகம் காலையில் உப்பித்தான் இருக்கிறது, தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். விடிகாலையில் எங்களுக்குள் நடக்கும் பாத்ரூம் சண்டை நின்றுபோய்ப் பல நாள் ஆகிவிட்டது. எனக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

வால் கொஞ்சம் சுருண்ட,
வாலு


மார்ச் 19

என் கண்ணு,

நீ பயப்பட வேண்டும் என்று நான் எழுதவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. நீ சாப்பிடுகிறாயா?

எனக்கு ஏன் இவ்வளவு உறுதியாகத் தெரிகிறது என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். என் மேஜைக்கு வந்த அறிக்கைகளில் ஒன்று: ஆண், ஐம்பதைத் தாண்டியவர், ஓட்டலில் சமையல் வேலை. இதே மாத்திரைகள் மூன்றும். கால் வீங்கியதை நின்று வேலை பார்க்கும் களைப்பு என்று விட்டுவிட்டார். அந்த வரியைப் படித்தபோது எனக்கு உன் அப்பன் நினைவே வரவில்லை. உன் கடிதத்தைப் படித்தபோது அந்த ஆள் நினைவுதான் முதலில் வந்தது.

இங்கே கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் நடக்கிறது. இந்த வரி கடைக்குப் போய்ச் சேரும்வரை விடுப்பில்லை என்றுவிட்டார்கள். முடிந்த அன்றே கிளம்பி வருகிறேன். அதுவரை அவனை நம்பவைக்க எனக்கு வழி தெரியவில்லை, வாலு. சின்ன வயதில் கிணற்றுப் பக்கம் போகாதே, நாய்ப் பக்கம் போகாதே என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, என் குரலே அவன் காதில் விழாமல் போய்விட்டது. எச்சரிக்கை எழுதும் வேலைக்கு வந்தபோது, "உனக்குன்னே செஞ்ச வேலைக்கா" என்றான்.

தினமும் போன் செய்கிறேன். தினமும் நன்றாக இருக்கிறான். உன்னிடம் கொடு என்றால், கடையில் கூட்டம் என்று வைத்துவிடுகிறான்.

அத்தை


மார்ச் 24

அத்தைக்கு,

அந்த ஓட்டல் சமையல்காரர் என்ன ஆனார்?

இன்று கடை திறப்பதற்கு முன்னால் நான் ஒட்டியதை எல்லாம் கிழித்துவிட்டேன். ரஸ்க் ஜாடியில் பசை போகவில்லை, சுரண்டி எடுத்தேன். உங்களுடையது மட்டும் கேக் பெட்டியில் இருக்கிறது.

வாலு


மார்ச் 27

அன்பு வாலு,

இங்கே வெயில் ஏறிவிட்டது. நீ தண்ணீர் நிறையக் குடி.

நீ கேட்டதை நேரில் சொல்கிறேன். லேபிளைக் கிழித்ததற்கு அப்பன் என்ன சொன்னான்?

இந்தக் கடிதம் வந்ததும் ஒரு வரியாவது எழுது. வெறும் "ம்" என்றாலும் போதும்.

அத்தை


ஏப்ரல் 6

அன்புள்ள அத்தைக்கு,

ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்து எழுதுகிறேன். நாற்காலியை நகர்த்த முடியாதபடி தரையோடு போல்ட் போட்டிருக்கிறார்கள். அப்பா உள்ளே தூங்குகிறார். டாக்டர் பயப்பட வேண்டாம் என்றார். முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனிமேல் நிதானமாகப் படியுங்கள்.

உங்களுக்கு எழுதவில்லை, கோபப்படாதீர்கள். யாரிடமும் எனக்குப் பேச்சு வரவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை. காலையில் எழுவேன், டீ போடுவேன், பள்ளிக்கூடம் போவேன், வருவேன், கல்லாவில் உட்காருவேன். தபால்காரர் கடன் சொன்னார். சரி என்று எழுதிக்கொண்டேன். அவர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்பா முதலில் லேபிள் போனதைப் பற்றித்தான் கேட்டார். "வியாபாரம் படுத்துடும், புதுசா எழுதி ஒட்டு" என்றார். நான் ஒட்டவில்லை. அடுத்த நாள் என் கணக்குப் புத்தகத்தில் வழுக்கைத் தலை வரைந்து வைத்தார். அழித்துவிட்டு வீட்டுப்பாடம் செய்தேன். பிறகு, நானாகத் திருடித் தின்னட்டும் என்று, கேக் ஓரத்துக் கிரீமை எனக்கு முன்னாலேயே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். நான் எடுக்கவில்லை. அவர் முதுகு எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, தட்டை அடுப்பில் தள்ளப் போனவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"என்ன வாலு, மூஞ்சி ஒரு வாரமா புளிக்காத மாவு மாதிரி கெடக்கு?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஸ்கூல்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லப்பா."

"போன் வேணுமா? எடுத்துக்கோ. பரீட்சையாவது மண்ணாவது."

"வேணாம்பா."

"உடம்பு சரியில்லையா?"

"எனக்கு இல்லப்பா."

தட்டைக் கீழே வைத்தார். என் எதிரில் வந்து உட்கார்ந்தார். உட்காரவே அவருக்குச் சிரமமாக இருந்தது.

"நீ இப்படி இருந்தது ஒரே ஒரு தடவைதான்" என்றார்.

எந்தத் தடவை என்று அவர் சொல்லவில்லை. உங்களுக்கும் தெரியும். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வராத அந்த வாரம்.

கேக் பெட்டிக்குப் போனார். கண்ணாடி போட்டுக்கொண்டு உங்கள் தாளை மறுபடி படித்தார். இந்தத் தடவை சத்தமாகப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. படித்து முடித்ததும் குனிந்து, தன் கணுக்காலைத் தானே விரலால் அழுத்திப் பார்த்தார். ரொம்ப நேரம் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாவை அப்படித்தான் பார்ப்பார்.

"ஆட்டோ கூப்பிடு" என்றார்.

அடுப்பில் சூடு அப்படியே கிடந்தது. அத்தனை மாவும் வீணாகப் போயிற்று. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா எல்லா மாத்திரைகளையும் மேஜையில் கொட்டிப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகம் ரொம்பத் திணறிப்போயிருக்கிறது, ஆனால் கைவிட்டுப் போகவில்லை என்றார். இன்னும் கொஞ்ச நாள் கழித்து வந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அத்தை, நான் எதையும் ஒட்டாமல் இருந்திருந்தால், அவர் உங்கள் தாளை முதல் நாளே நம்பியிருப்பார். கடையே சிரித்தபோது நான்தான் அதிகம் சிரித்தேன்.

இனிமேல் நான் கிண்டல் செய்யமாட்டேன்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 29

அக்காவுக்கு,

நலம். டாக்டர் எழுதிக் கொடுத்த நலம். நீ ஊருக்குக் கிளம்பிப் போன மறுநாள் ரத்தம் பார்த்தார்கள். அதில் கழிவின் அளவு இறங்கியிருக்கிறது. கால் கால் மாதிரி இருக்கிறது. ஷூ ஏறுகிறது.

நீ இங்கே இருந்த நாலு நாளும் நான் உன்னிடம் ஒன்றும் பேசவில்லை. உனக்கே தெரியும், எனக்கு அதெல்லாம் வராது. இதில் எழுதலாம் என்று உட்கார்ந்தால் இதிலும் வரவில்லை. அதனால் ஒரு புகார் எழுதுகிறேன். உங்கள் கம்பெனி தாளில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது. மாத்திரை தேடுகிறவனுக்கு வலி இருக்கும், கையில் கண்ணாடி இருக்காது. பெரிதாகப் போடச் சொல். நான் சொன்னேன் என்று சொல்.

இடுப்புக்கு டாக்டர் வேறு வழி சொல்லியிருக்கிறார். சுடுநீர் ஒத்தடம், குனிந்து நிமிரும் பயிற்சி. கண்ணாடி முன்னால் செய்கிறேன். பார்க்கச் சகிக்கவில்லை.

கடையில் ஆள் போட்டிருக்கிறேன். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அதட்டுவதோடு சரி.

வாலு இன்னும் சிரிக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறது. மாத்திரை, தண்ணீர், சாப்பாடு எல்லாம் நேரத்துக்கு வருகிறது. நர்ஸ் மாதிரி. எனக்கு நர்ஸ் போதும் போதும் என்று ஆகிவிட்டது அக்கா. என் பிள்ளை வேண்டும். நீ எழுதினால் கேட்கும்.

தம்பி


மே 8

அன்பு வாலுவுக்கு,

நீங்கள் இருவரும் தேறிவருகிறீர்களா? தேறுகிறான் என்று அவன் ரத்தம் சொல்கிறது. உன்னைப் பற்றிச் சொல்ல ரத்தப் பரிசோதனை இல்லையே.

நேரில் சொல்கிறேன் என்றேன், நேரில் உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சமையல்காரர் உயிரோடு இருக்கிறார். ஆனால் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்ய இப்போது ஒரு இயந்திரம் வேண்டும். வாரத்தில் பாதி நாள் அதன் பக்கத்தில் படுத்திருக்கிறார். அப்பன் உள்ளே படுத்திருக்கும்போது நீ அதைச் சுமக்க வேண்டாம் என்று நினைத்தேன். இப்போது சுமக்கலாம், கனம் குறைந்துவிட்டது.

உன் லேபிள்களால்தான் அவன் நம்பவில்லை என்று எழுதியிருந்தாய். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். மீதி உண்மையையும் கேள். நான் நாள்தோறும் போன் செய்தேன். எனக்குக் கிடைத்தது "நல்லா இருக்கேன்." டாக்டர்கள் எழுதும் அறிக்கையில் "இரு கால்களிலும் வீக்கம்" என்று இருக்கும். எத்தனையோ படித்திருக்கிறேன், படித்துவிட்டு டீ குடித்திருக்கிறேன். நீ உன் அப்பனை அடுப்பில் வைக்கலாம் என்று எழுதியதைப் படித்தபோது, என் விரலே அந்தப் பள்ளத்துக்குள் போனதுபோல் இருந்தது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. நீ கிண்டல் செய்ய வேண்டும் என்பதற்காக அவனை அவ்வளவு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாய். உற்றுப் பார்க்காதவளுக்குக் கிண்டல் வராது.

அதனால் எங்களுக்காகக் கிண்டலை விட்டுவிடாதே.

புது டப்பா வந்துவிட்டது. ஓடும் மனிதனைப் பின்பக்கத்துக்குத் துரத்திவிட்டோம். உன் அப்பனின் புகாரைக் கூட்டத்தில் படித்தேன். எழுத்தை ஒரு சுற்றுப் பெரிதாக்கச் சம்மதித்தார்கள். இரண்டு சுற்றுக் கேட்டேன், கிடைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்பேன்.

அன்புடன்,
அத்தை


ஜூன் 1

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் உங்கள் முழங்கால்களை விசாரித்ததாகச் சொல்லவும். வலதுகாலைக் கொஞ்சம் கூடுதலாக.

உங்கள் கடிதத்தை மடித்து வைத்தேன், எடுத்துப் படித்தேன், மறுபடி வைத்தேன். பதில் எழுதத் தெரியவில்லை. நேற்றுத்தான் எழுத ஒன்று கிடைத்தது.

கடையில் போட்ட ஆள் நேற்று வரவில்லை. அப்பாவை நிற்கவிடக் கூடாது என்பதால், ரொட்டி நானே போடுகிறேன் என்றேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து கையைப் பிசைந்தார். மாவு பிசைய வேண்டிய கை, வேறு என்ன செய்யும்? "தண்ணி போதும்", "இன்னும் அடி", "அது மாவுடி, தலையணை இல்ல" என்று ஒரே அதட்டல். சொன்னதைச் செய்தேன். உருட்டினேன், வைத்தேன், தள்ளினேன், எடுத்தேன்.

வெளியே வந்தது ரொட்டி இல்லை அத்தை. வீட்டுக்கு அஸ்திவாரம் போடலாம். மேலே கருப்பு, பக்கத்தில் விரிசல், எடை ஒரு செங்கல். வாடிக்கையாக வாங்கும் டெய்லரம்மா அதைப் பார்த்துவிட்டுப் பையை மூடிக்கொண்டார். வீணாக்கிவிட்டேன், இனி அப்பாவே எழுந்து நிற்பார், மறுபடி இடுப்புவலி, மறுபடி எல்லாம் என்று மனம் எங்கெங்கோ ஓடியது.

அப்பா, "கொண்டா இங்க" என்றார்.

வெந்த ரொட்டியைத் தலைகீழாகத் திருப்பி அடியில் தட்டிப் பார்ப்பார்கள், தெரியுமா? நன்றாக வெந்திருந்தால் வெற்றுப் பானை மாதிரி சத்தம் வரும். அப்பா அதே பக்குவத்தோடு என் செங்கலை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. விரலை மடக்கித் தட்டினார். டொக், டொக்.

குனிந்து காதை வைத்தார். காத்திருந்தார்.

"யாருங்க வீட்டுல?" என்றார்.

மறுபடி தட்டினார். டொக், டொக்.

"ஏங்க, கொஞ்சம் கதவத் தொறங்க. ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றோம்."

டெய்லரம்மா பையோடு அப்படியே நின்றுவிட்டார். அப்பா ரொட்டியிலிருந்து காதை எடுத்து, என்னைப் பார்த்து, ரொம்ப வருத்தமாக உதட்டைப் பிதுக்கினார். "பூட்டிட்டு எங்கயோ போயிட்டாங்க போல."

சிரிப்பு எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. முதலில் மூக்கு வழியாக வந்தது. அப்புறம் வயிறு பிடித்துக்கொண்டது. மாவு மேஜை மேல் கவிழ்ந்துவிட்டேன், தலையெல்லாம் மாவு. நிறுத்தப் பார்த்தேன். அப்பா இன்னொரு தட்டுத் தட்டினார், போச்சு. டெய்லரம்மா சிரித்தார், தெருவில் போன இரண்டு பேர் என்னவென்றே தெரியாமல் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ரொட்டியை மடியில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"மாவு விழுந்துடுச்சு" என்றார்.

நான் சரி என்றேன்.

அந்த ரொட்டியை வெட்டக் கத்தி பத்தவில்லை. ஆளுக்கு ஒரு மூலையைப் பாலில் ஊறவைத்து, மெதுவாகத் தின்று முடித்தோம். நன்றாகத்தான் இருந்தது, அத்தை. நிஜமாகவே.

இப்படிக்கு,
வாலு
(எங்கள் இருவர் பல்லும் பத்திரம். உங்களுடையதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.)